மரப்பிடி போட்டது

பூரணி குசினியில் நின்று விளைமீனுக்குச் செதில் சீவுகிறாள். யன்னலுக்கு அப்பால் துறைமுகத்து நீர் காலை வெயிலில் தகரம்போல் கிடக்கிறது. கடற்படைப் படகொன்று உறுமிக்கொண்டு போகிறது. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசிக்குள், அமெரிக்காவில், மகன் இராகுலன் சுவர் நிறையத் துப்பாக்கிகள் தொங்கும் துவக்குக் கடையொன்றில் நிற்கிறான். கார் வாங்கியபோதும் நிறத்தை அவளிடம் கேட்டுத்தான் வாங்கினான். “கறுப்போ, மரப்பிடி போட்டதோ? எது வடிவு, அம்மா?” “மெல்லக் கதை, மகன்.” அவள் யன்னலைச் சாத்துகிறாள். “உனக்கேன் துவக்கு?” “இலக்குப் பலகைக்குச் சுடத்தான் அம்மா. ஒவ்வொரு வெடிக்கும் இழுத்து ஏத்தத் தேவையில்லை, விசையை அமத்த அமத்தச் சுடும். இங்க கனபேர் வச்சிருக்கினம்.”

யன்னல் இடுக்கால் விழும் வெளிச்சம் மீனின் கண்ணில் நிற்கிறது. இரண்டையும் அவளுக்குத் தெரியும். சண்டை நடந்த அந்த நாட்களில் கறுப்பு, ஆமிக்காரரோடு வீதியில் நின்றது. மரப்பிடி வீட்டுக்குள் வந்தது.

இராகுலன் கைபேசியைக் கூட வந்தவனிடம் கொடுத்துவிட்டு, மரப்பிடி போட்டதை எடுத்துத் தோளில் பொருத்துகிறான். ஒரு கண்ணை மூடி, சிரித்தபடி, அதன் வாயை இந்தப் பக்கம் திருப்புகிறான். பூரணியின் கத்தி நிலத்தில் விழுகிறது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. விரல்களில் செதில் மினுங்குகிறது. முழங்கை வழியே மீன்நீர் வடிகிறது. “என்னம்மா, பகிடியோ?” என்று அவன் சிரிக்கிறான். அவள் திரையைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, மிகவும் மரியாதையாகக் கேட்கிறாள்:

“கையை இறக்கட்டோ, சேர்?”