ஓடாத போன்

“பதினாறு முடிஞ்ச மறுநாளே புருஷன் போனைக் குடுத்து பிளாஸ்டிக் வாளி வாங்கியிருக்கா. எல்லாரும் வந்து பாருங்க!”

இசக்கியம்மா விட்டெறிந்த சிவப்பு வாளி உருண்டு, கால்வாய்க் கரையில் போய் நின்றது.

மருமகள் பொன்செல்வி கதவைப் பிடித்தபடி நின்றாள். “ஓடாத போன்தான அத்த. ஒடஞ்சு கெடந்துச்சு.”

“ஓடலைன்னு நீ கண்டியோ? என் போனையும் சேத்துக் கேட்டாளே, மூதி! ரெண்டையும் போட்டா மூடி வச்ச வாளி கெடைக்குமாம்!”

தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பொன்செல்வி பக்கம் மட்டும் யாரும் போகவில்லை.

பொன்செல்வியின் புருஷன் முத்துமாலை செத்தது முக்கூடல் ரோட்டில். காதில் போனோடு பைக்கில் வந்தவன், எதிரே வந்த லாரியில் மோதிவிட்டான். ‘என்னன்னு சொல்லு, என்னன்னு சொல்லுன்னு கத்திக்கிட்டே வந்தாரு’ என்று லாரிக்காரர் சொன்னார். ஊருக்கு அது போதும். பொண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

“கடைசியா அவனைக் கூப்பிட்டது யாருன்னு அந்தப் போன்ல இருக்கும். ஸ்டேஷன்ல இருந்து நேத்துதான் கைக்கு வந்துச்சு. இன்னைக்குத் தள்ளி விட்டுட்டா!” இசக்கியம்மா விடவில்லை.

எதிர்வீட்டு சுடலைவடிவின் போன் அடித்தது. பார்த்ததுமே கட் செய்தாள்.

“அத்த, உங்க போன்தான். மறுபடியும் தானா கூப்பிடுது.”

இசக்கியம்மா மடியிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்து ஒரு தட்டு தட்டினாள். “இந்தப் பச்சைப் பட்டன் உள்ள போனா வெளிய வரமாட்டேங்கி, சவம்.”

“நேத்து எனக்கும் வந்துட்டு. எடுத்தா ஒரு பேச்சும் இல்ல. வெத்தல இடிக்க சத்தந்தான் கேக்கு,” என்றாள் ஒருத்தி. அந்த நேரத்திலும் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

பொன்செல்வி தரையைப் பார்த்தாள்.

அதற்குள், பழைய போனுக்கு வாளி கொடுத்துவிட்டு அடுத்த தெருவில் நின்ற வண்டிக்காரரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்கள். அவர் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவி போனை எடுத்தார்.

“ஓடாதுன்னுதான் குடுத்தாவ, ஆச்சி. நான் அமுக்கிக்கூடப் பாக்கல.”

அமுக்கினார். நொறுங்கிய கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்தது.

“அட, ஓடுதே!”

“பாத்தியளா? பொய்யி! எல்லாம் பொய்யி!” இசக்கியம்மா மார்பில் அறைந்துகொண்டாள். “ஏட்டி வடிவு, நீ படிச்சவ. கடைசிக் காலு யாருன்னு வாசி. லாக்கு கீக்கு ஒண்ணும் கெடையாது. என் மவன் ஒளிக்கத் தெரியாதவன்.”

வடிவு கையை நீட்டினாள். பொன்செல்வி ஓடி வந்து போனைப் பறித்தாள். யாரும் பிடிப்பதற்குள் கால்வாயில் வீசிவிட்டாள்.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இசக்கியம்மா குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

“என் பிள்ளையத் தின்னுட்டு சாட்சியையும் முழுங்கிட்டியே! நாளைக்கு விடிஞ்சதும் ஒன் அப்பன் வீட்டுக்குப் போயிரு. இந்த வாசல்ல ஒன் கால் படக்கூடாது!”

பொன்செல்வி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் வடிவு பின்வாசல் வழியாகப் பைய வந்தாள். பொன்செல்வி அந்தச் சிவப்பு வாளிக்குள் தன் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, என்கிட்டயாவது உண்மையச் சொல்லு. நீதான் கூப்பிட்டியா?”

“நான் கூப்பிடலக்கா.”

“பொறவு என்னத்துக்குட்டி தண்ணில எறிஞ்ச? எல்லார் முன்னாலயும் காட்டியிருந்தா ஒன் பேரு தப்பியிருக்குமே!”

“எம்பேரு தப்பும். அதுல கெடந்த பேரு?”

“யாரு பேருட்டி?”

பொன்செல்வி சேலையை நீவிக்கொண்டே இருந்தாள்.

வடிவின் கையில் இருந்த போன் அடித்தது. திரையில் ‘இசக்கியம்மா அத்தை’.

தான் இங்கே வந்தது தெரிந்துவிட்டதோ என்று பயந்து, எடுத்துக் காதில் வைத்தாள்.

“அத்த, என்னன்னு சொல்லுங்க.”

பதில் இல்லை. வாசல் பக்கமிருந்தும் போனுக்குள்ளிருந்தும் ஒரே சத்தம்தான் வந்தது. இசக்கியம்மா உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கல அத்த, என்னன்னு சொல்லுங்க, என்னன்னு சொல்லு...”

வடிவு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்செல்வி தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்:

“அவியளும் அன்னைக்கு இப்படித்தான் கேட்டிருப்பாவ, அக்கா. அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”