பருந்துமலை மண்டபம்

"ஐயா, தனியா ஏற ஏலாது. சொல்லுறதைக் கேளுங்கோ," என்றார் இராசதுரை.

சோமசேகரத்துக்குச் சுருக்கென்றது. வயது அறுபத்தாறு. போன வருடம் நெஞ்சில் ஒரு சிகிச்சை. அதற்குப் பிறகு வீட்டு மாடிப்படி ஏறினாலே மனைவி பூரணி பின்னால் வந்து நிற்பாள். பருந்துமலை ஏறப் போகிறேன் என்றதும் அவள் சிரித்த சிரிப்புக்காகவே திருகோணமலையில் முதல் பஸ் எடுத்து, கந்தளாய் வீதியில் வந்து இறங்கியிருந்தார். மாரி தொடங்க முன்னம், ஆவணியின் இந்த நல்ல வெயிலில், தன்னந்தனியாக உச்சியில் நின்று துறைமுகத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும். பிறகு அவள் வாயே திறக்கக் கூடாது.

அதற்காகப் புதுச் சப்பாத்து, புதுத் தொப்பி, மருமகன் கனடாவிலிருந்து அனுப்பிய மடக்குத் தடி. ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் செய்ய வேண்டிய ஆயத்தம் எல்லாம் செய்திருந்தார், நடந்து பழகுவதைத் தவிர.

மலையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் இராசதுரைதான் அந்த ஊர்ச் சங்கத் தலைவரும். சோமசேகரத்தைக் கண்டதுமே எழுந்து, கதிரையைத் துடைத்துப் போட்டார். பிறகு தொடங்கினார். மலையில் யானை நிற்குதாம். யானை இல்லாவிட்டால் குளவி. குளவியும் இல்லாவிட்டால் பாறை வழுக்கும். ஒன்றுக்கும் மசியவில்லை என்றதும், மத்தியானம் வரை இருந்தால் நாட்டுக்கோழி அடித்துச் சமைப்பதாகச் சொன்னார்.

கடையில் இருந்த நாலு பேரும் சேர்ந்து தலையாட்டினார்கள். எல்லாரும் தன் வயதைத்தான் பார்க்கிறார்கள் என்று சோமசேகரம் முடிவு கட்டினார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தண்ணியும் ஒரு போத்தல்தானே கொண்டு போறீங்கள்," என்றார் இராசதுரை கடைசியாக.

"அது காணும். மேல இளைப்பாறு மண்டபம் இருக்கு, தண்ணித் தாங்கி இருக்கு. எனக்குத் தெரியாதே?"

நாலு பேரும் தங்கள் தேத்தண்ணிக்குள் எதையோ தேடினார்கள். இராசதுரை மட்டும் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கையில் கொடுத்தார்.

முதல் அரை மணித்தியாலம் வீரமாகப் போனது. அடுத்த அரை மணித்தியாலத்தில் முழங்கால்கள் முறையிட்டன. பாதி வழியில் போத்தல் காலி. திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் நின்றார். இரண்டு தரமும் பூரணியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மண்டபத்து நிழலையும் தாங்கித் தண்ணீரையும் நினைத்து நினைத்து, வேரைப் பிடித்து, கடைசியில் கையும் காலுமாகத் தவழ்ந்து உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

தூரத்தில் துறைமுகம் மினுங்கியது. சந்தோசத்தில் அவருக்கு அழுகையே வந்தது. படம் எடுத்தார், அனுப்பினார், மண்டபத்தைத் தேடித் திரும்பினார்.

மொட்டைப் பாறை. அதில் இரண்டு ஆடு. மண்டபம் இல்லை, தாங்கி இல்லை, பேருக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

நாக்கு ஒட்ட ஒட்ட இராசதுரையை அழைத்தார்.

"மண்டபத்தை ஆர் திண்டது? கட்டி முடிஞ்சுது எண்ட அறிக்கையை நான் என்ர கண்ணால பாத்தனான்."

இராசதுரை அவசரப்பட வேண்டாம், நிழல் பார்த்து இருக்கச் சொன்னார். தண்ணீரோடு ஆள் அனுப்பியாயிற்றாம். சோமசேகரம் கேட்பதாக இல்லை. ஊர்ப் பணத்தை விழுங்கியவர்களைச் சும்மா விடப் போவதில்லை, நாளைக்கே பெட்டிசம் போடப் போவதாகக் கத்தினார்.

"கட்டாத மண்டபத்துக்குக் கையெழுத்து வைச்ச அந்தக் கள்ளன் ஆர்? பேரைச் சொல்லும்."

மறுபக்கம் இராசதுரை செருமுவது கேட்டது.

"பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி, மழையெண்டு ஜீப்பை விட்டு இறங்காமல், 'நேரில் ஏறிப் பார்வையிட்டேன், வேலை திருப்தி' எண்டு எழுதினது நீங்கள்தானே, ஐயா. அதுதான் உங்களை ஏற வேண்டாமெண்டு அவ்வளவு சொன்னனாங்கள்."