தனித் தறி

"மாமியாரை இப்படி அதட்டுற மருமகளை நான் பார்த்ததே இல்ல" என்றார் நியாயஸ்தர், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

நியாயஸ்தர் என்பது சுற்றுலா பஸ்ஸில் மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர். ஜன்னல் சீட்டு, விடுதியின் வெந்நீர், டிரைவர் போட்ட பாட்டு என்று எல்லாவற்றுக்கும் நியாயம் கேட்டு முடித்துவிட்டு, இன்று கம்பளம் நெய்யும் கூடத்துக்கு வந்திருந்தார்.

தறிக்கு முன்னால் பலகையில் இரண்டு பெண்கள். தலைக்கு மேலே வரிசையாகக் கம்பளி நூல் உருண்டைகள் தொங்கின. மாமியார் முடிச்சுப் போடப் போட, பக்கத்தில் இருந்த மருமகளுக்கு வாய் ஓயவில்லை.

"இடது பக்கம் ரெண்டாவது உருண்டை. அது இல்ல அத்தை, அடுத்தது. எத்தனை தடவை சொல்றது?"

சொன்னதோடு விடாமல், மாமியார் கையைப் பிடித்து இழுக்கவும் செய்தாள்.

முதலாளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பயணிகளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க கம்பளத்துல ஒரு முடிச்சுலகூட நிறம் தப்பாது. தப்பினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். எத்தனை வருஷம் உழைச்ச ஆளா இருந்தாலும் சரி."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று குறுக்கே புகுந்தார் நியாயஸ்தர். "பெரியவங்களை மதிக்காத இடத்துல நான் ஒரு மிதியடிகூட வாங்க மாட்டேன். இந்த பஸ்ல வந்த யாரையும் வாங்க விடவும் மாட்டேன்."

முதலாளிக்கு முகம் வெளுத்தது.

நியாயஸ்தரின் மனைவி அவர் சட்டையை மெல்ல இழுத்தாள். "என்னங்க, அந்தம்மாவைக் கொஞ்சம் கவனிச்சு..."

"நீ வாயை மூடு. பொம்பளைங்களை எப்படி மதிக்கணும்னு இவங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்ல?"

மனைவி வாயை மூடிக்கொண்டாள். பழக்கம்தான்.

மருமகள் எழுந்து நின்றாள். "தப்புதான் சார். இனிமே சத்தம் போட மாட்டேன். அத்தை என் பக்கத்துலயே இருக்கட்டும்."

"பக்கத்துல இருந்தாத்தானே அதட்ட முடியும்?" என்றார் அவர். பஸ் கூட்டம் சிரித்தது. அவருக்கு உற்சாகம் கூடியது.

"நான் இங்கயே இருந்துக்கறேங்க. இவ நல்ல பொண்ணுங்க" என்ற மாமியாரின் குரல் நடுங்கியது.

"பாருங்க, எப்படிப் பயந்து போயிருக்காங்கன்னு." நியாயஸ்தருக்குக் கண்கூட லேசாகக் கலங்கியது. அடுத்த வீட்டு மாமியாருக்காகக் கலங்குவது சுலபம். பஸ் கிளம்பியதும் காய்ந்துவிடும்.

முதலாளிக்கு வியாபாரம் தெரியும். "அம்மாவுக்கு அந்த ஜன்னலோரத் தறியைக் குடுங்க. தனியா, நிம்மதியா நெய்யட்டும். யாரும் கிட்டப் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது."

எல்லாரும் கைதட்டினார்கள். "அத்தை..." என்று ஓரடி எடுத்து வைத்த மருமகளை முதலாளி முறைத்தே நிறுத்தினார்.

நியாயஸ்தரே மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் புதுத் தறியில் உட்கார வைத்தார். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் செல்போனைத் தூக்கினார்கள். முதலாளியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"சிவப்புல ஆரம்பிங்கம்மா, நான் பார்க்கறேன்" என்றார் முதலாளி.

மாமியாரின் கை மேலே போய், ஒவ்வொரு உருண்டையாகத் தடவித் தடவி நின்றது. பிறகு, போட்டோவுக்காகப் பக்கத்தில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்த நியாயஸ்தரின் காதில், முதலாளிக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டாள்:

"ஐயா, இதுல சிவப்பு எது? இவ்வளவு நாளா மருமகதான் சொல்லிக்கிட்டிருந்தா. இனிமே நீங்கதான் சொல்லணும்."