உள்ளே விடலாமா?

“இன்னாங்க, திரையில மறுபடியும் அந்தக் கேள்விப் பெட்டி வந்துடுச்சா?”

கம்ப்யூட்டர் முன்னால் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள் ராஜம்மாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. அமெரிக்காவிலிருந்து மகன் செழியன் திரையில் வரும் நேரம்.

“வந்துடுச்சி” என்றார் பரசுராமன். “பேசுற புரோகிராமை நேத்து மறுபடியும் புதுசா மாத்திட்டானுங்களாம். உள்ள விடலாமா, தடுக்கலாமான்னு கேக்குது.”

“தை மாசமே விடச் சொன்னீங்களே?”

“ஆள் மாறிட்டா பழைய அனுமதி செல்லாது. இந்த ஃபயர்வால் காவக்காரன் மாதிரி. தெரியாத மூஞ்சின்னா வாசல்லயே நிறுத்திடுவான்.”

சொல்லும்போதே அவருக்குப் பெருமையாக இருந்தது. தெருமுனைக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நாற்பது வருடம் போலீஸ் நிலையத்தில் அனுமதி கேட்டு நின்றவர். மறுத்தால் தடையை மீறிப் பேசிவிட்டு வேலூர் சிறைக்குப் போனவர். இன்று ஓர் இயந்திரம் கைகட்டி அவரிடம் அனுமதி கேட்கிறது.

சென்ற மாதம் செழியன் இதே திரையில் கேட்டான்: “அம்மாவ ஒரு வருஷம் இங்க அனுப்புங்கப்பா. குழந்தையப் பாத்துக்க ஆள் இல்ல.”

அம்மாவை. அம்மாவை மட்டும்.

அடுத்த வாரம் பெட்டி வந்தபோது ‘தடு’ என்பதை அழுத்தினார். “லைன் கெடைக்கல” என்று சொல்லிவிட்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே சேலையில் வந்து உட்கார்ந்தாள்; அன்றும் தடுத்தார். இது மூன்றாவது ஞாயிறு.

சன்னலில் தெரிந்த மலை, திரைக் கண்ணாடியிலும் மங்கலாக மிதந்தது. அதன் அடிவாரத்தில் ராஜம்மாளின் முகம். தூரத்தில் யாரோ பாடுவதைக் கேட்பவள் போல அவள் கண்களை மூடியிருந்தாள். மலை மேல் மேகம் மெல்ல இறங்கியது.

அவர் அம்புக்குறியை ‘தடு’வுக்கு நகர்த்தினார்.

“தடுத்துட்டீங்களா?” கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

அவர் விரல் நின்றது. “இன்னா சொல்ற?”

“எந்தப் பொத்தான் எதுக்குன்னு எனக்கும் தெரியும். நீங்க கூட்டத்துக்குப் போனப்போ வீட்டு போன்ல பேசினான்.”

“அப்போ எல்லாம் பேசி முடிச்சிட்டீங்க! எப்போ கெளம்புற?”

“அப்பா இல்லாம வர மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். ‘தப்பா கேட்டுட்டேம்மா. அப்பா மூஞ்சப் பாத்து நானே கேக்கறேன், நீ சொல்லிடாத’ன்னான்.”

பரசுராமன் திரையைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்த மலையை மேகம் முழுதாக மூடியிருந்தது.

ராஜம்மாள் கண்ணைத் திறந்தாள்.

“உங்களக் கூப்புடத்தாங்க, உங்க புள்ள மூணு வாரமா வாசல்லயே நிக்கறான்.”