ட்ரெபிள் பத்தலை

அவிநாசி பனியன் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டர் சண்முகவேல் மூவாயிரம் ரூபாய்க்குள் ஓர் ஆம்ப்ளிஃபயர் தேடிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் அடங்குவதாக, காதுக்குள் செருகும் அவருடைய இயர்போனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதுவரை நான்கு வாங்கி, நான்கையும் திருப்பி அனுப்பிவிட்டார். நான்குக்கும் ஆன்லைனில் ஒற்றை ஸ்டார்.

"அத்தனையும் குப்பை கண்ணு. ஜால்ரா சத்தமே வர மாட்டேங்குது. ட்ரெபிள் சுத்தமா இல்லை."

"எனக்கு நல்லாத்தானுங்க கேட்டுச்சு மாஸ்டர்" என்றான் ஆபரேட்டர் பிரதீப், காதிலிருந்த ஆரஞ்சு நிற இயர் பிளக்கைக் கழற்றியபடி.

"பிளக் அடைச்ச காதுக்கு என்ன தெரியும்? ட்ரெபிள் புடிக்கத் தனிக் காது வேணும்!"

மெஷின் இரைச்சலுக்காகக் கம்பெனி கொடுத்த பிளக்குகளை வாங்கிய அன்றே வீசிவிட்டு, அந்த டப்பாவில்தான் இயர்போனைப் பத்திரப்படுத்தியிருந்தார் மாஸ்டர்.

மறுநாள் கம்பெனிக்கு வந்திருந்த கிருத்திகா என்ற பெண் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிவிட்டாள். கண்ணை மூடிக் கேட்டவர் ஐந்தே நிமிஷத்தில் கழற்றினார்.

"ஏனுங்க அம்மிணி, இதை என்ன விலைக்கு வாங்குனீங்க? நல்லா ஏமாத்திப்போட்டாங்க. பேஸ் பரவாயில்லை. ட்ரெபிள் இதுலயும் இல்லீங்க."

கிருத்திகா கையிலிருந்த தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஹெட்போன்ல கோளாறு இல்லீங்கண்ணா. கம்பெனில சொன்னபடி உங்க காதைத்தானே இப்ப டெஸ்ட் பண்ணினேன். மெல்லிசான கீச் சத்தம் பத்துத் தரம் விட்டேனுங்க. கேட்டா கை தூக்கச் சொல்லியும் நீங்க ஒரு தரங்கூடத் தூக்கலை."

சண்முகவேல் தாளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"இந்த டெஸ்ட் மெஷினுக்கு எங்கீங்க ஸ்டார் போடறது?"