முதல் ஆணி

உள்ளே அவள் கணவரைத்தான் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கதவோரம் நின்றாள்.

"நாதமுனிக்கு அப்புறம்தாம்பா தைரியநாதன். எழுபத்தொண்ணுல இவரை அவரு படுக்கப் போட்டாரா இல்லியா?"

கேட்டது உசேன் பாய். நாதமுனியின் ஆள்.

"போட்டாரு. பத்து எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சாரா இல்லியா? எண்ணுனவன் நான்."

இது தணிகாசலம். அந்தக் காலத்து நடுவர்.

"உன்னோட ஒம்போது, ஊருக்கெல்லாம் பதிமூணுபா."

யாரோ சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் நிறுத்திக்கொண்டார்கள். சாவு நாளில்லையா.

ராயபுரத்தில் அந்தக் குத்துச்சண்டைக் கொட்டகையின் சுவரைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஹெவி வெயிட்டில் யாருக்கு மேல் யார் என்று அங்கே எழுதி வைப்பதில்லை. வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு படம். இரண்டாவதில் நாதமுனி. மூன்றாவதில் பேசில் துரை. இப்படி ஒன்பது வரை போகிறது.

முதல் ஆணி காலி.

உயிரோடு இருப்பவனுக்கு ஆணி கிடையாது. அவன் இன்னும் ஒரு சண்டையில் தோற்கலாம் அல்லவா.

நாதமுனி செத்த அன்று, முதல் ஆணி அவருக்குத்தான் என்றார் உசேன் பாய். தைரியநாதனும் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்வோம் என்றார் தணிகாசலம்.

இருபத்திரண்டு வருடமாக அந்த ஆணி காத்திருந்தது.

இன்று காலை பால் வாங்கப் போனவள், தன் கணவரைச் சுவரில் பார்த்தாள். கண்ணீர் அஞ்சலி. பெரிய போஸ்டர். இடுப்பில் பெல்ட், இரண்டு கையிலும் கையுறை.

செத்தது பக்கத்துத் தெரு தையல்காரர். அவர் பெயரும் தைரியநாதன். அந்தப் பெயருக்கு அச்சகத்தில் இருந்தது ஒரே ஒரு படம்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடப்பவர், கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தாள்.

சிரிக்கவில்லை. ஓட்டுக்கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கொட்டகைக்குப் போ. ஒண்ணும் சொல்லாத. எத்தினாவதுன்னு மட்டும் கேட்டுக்கினு வா."

அவள் சொல்லிவிடத்தான் வந்தாள். அவர் இருக்கிறார், கஞ்சி குடித்தார், போய் வேலையைப் பாருங்கள் என்று.

உள்ளே அவர் படத்தைக் கொண்டுவந்திருந்தார்கள்.

"சரி," என்றார் உசேன் பாய். "மாட்டுபா. நாதமுனி இருந்திருந்தா அவரே இதைத்தான் சொல்லியிருப்பாரு."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

படம் முதல் ஆணியில் ஏறியது. இப்படியும் அப்படியும் ஆடியது. நின்றது.

அப்போதுதான் அவளைப் பார்த்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். அவள் வந்தால் ஒருநாளும் எழாதவர்கள்.

"சொல்லத்தானே வந்தீங்க அண்ணி," என்றார் தணிகாசலம். "போஸ்டர் பாத்துட்டோம். நீங்க முன்னாடி போங்க. மோளத்துக்குச் சொல்லியாச்சு. மாலையோட வர்றோம்."



அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. அறையில் இருந்த எல்லோரையும் பார்த்தது, அவளை மட்டும் பார்க்கவில்லை.

திரும்பி நடந்தாள். பிறகு ஓடினாள். அறுபத்தெட்டு வயதில்.

கதவு ஒருக்களித்திருந்தது.

சோப்பு வாசனை.

குழாயடியிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் கால்தடங்கள். இரண்டு மாதமாகத் தரையில் ஊன்றாத கால்கள்.

கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். வெள்ளை வேட்டி. தலை வாரியிருந்தது. கண் மூடியிருந்தது.

கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கையுறை போடுமுன் விரல்களில் சுற்றுவாரே, அந்த நீளத் துணி. சட்டைப் பித்தான்கூடப் போட வராத கைகள் அவருக்கு. முடிச்சு கல் மாதிரி இருந்தது.

அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பாதத்தைத் தொட்டாள். குளித்த குளிர் இல்லை அது.

"எத்தினாவது?"

உதடு அசைந்த மாதிரியே இல்லை.

தூரத்தில் மேளம் கேட்டது.

அவர் போட்ட ஒரு சண்டையையும் அவள் பார்த்ததில்லை. ஜெயித்தாரா என்று கேட்டதும் இல்லை. ராத்திரி வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும் அவளுக்கு. வந்துவிட்டார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ஐம்பது வருடமாக அவர் கேட்கக் காத்திருந்த சொல். அதைக் கேட்டுவிட்டால் அவருக்கு இங்கே வேறு வேலை இல்லை. அது அவளுக்குத் தெரிந்தது, என் கண்ணுகளா. பாதத்தைத் தொட்ட கைக்கே தெரிந்தது.

மேளம் மாதா கோயிலைத் தாண்டியது.

"ரெண்டாவது," என்றாள்.

பாதத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"உசேன் பாய் ஒத்துக்கல. நாதமுனிக்கு அப்புறம்தான் நீங்கன்னுட்டாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். முடிச்சில் கை வைக்கவில்லை.

மேளம் அவர்கள் தெருவுக்குள் திரும்பியது.

கட்டுக்குள் இடது பெருவிரல் அசைந்தது.