வெறும் கட்டை

"பின் மாத்துற வெறும் கட்டை போதும் அண்ணே. இந்தத் தட்டைப் பின் நம்ம சுவத்துல நுழையணும், அவ்வளவுதான்."

எலக்ட்ரிக் கடைக்காரர் நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். எதிரே நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். பையிலிருந்து ஒரு ஒயரும் அதன் நுனியில் இரண்டு தட்டைப் பின்னும் மட்டும் எட்டிப் பார்த்தன.

"உள்ள என்ன சாமான்?"

"வெளிநாட்டுச் சாமான். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் அனுப்பினது."

"அதான், என்ன சாமான்?"

"கட்டை விக்கிறதுக்கு அது எதுக்கு?"

"எத்தனை வோல்ட்டுன்னு பார்க்காம நான் ஒரு ஆணிகூட விக்கமாட்டேன்."

அவள் பையைத் தீப்பெட்டி அகலத்துக்கு விலக்கி, ஒட்டியிருந்த சீட்டை மட்டும் காட்டினாள். 110 வோல்ட், 60 வாட். பை உடனே மூடிக்கொண்டது.

"அம்மா, இது நூத்திப்பத்துல ஓடுறது. நம்ம சுவத்துல வர்றது இருநூத்தி முப்பது. கட்டை பின்னைத்தான் மாத்தும், கரண்ட்டை மாத்தாது. வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்குங்க. இப்படித்தான் ஒருத்தர், வெளிநாட்டுல வாங்கின முடி காய வைக்கிற மெஷினை நேரா சொருகினார். அன்னிக்கு முடி காய்ஞ்சுது. மறுநாள் காய வைக்க முடி இல்ல."

எல்லாரும் இந்த இடத்தில் பயந்துபோய் டிரான்ஸ்ஃபார்மர் கேட்பார்கள். இவள் முகம் மலர்ந்தது.

"அப்ப, சொருகின உடனே முடிஞ்சிடுமா? இல்ல, இழுத்துக்கிட்டுக் கிடக்குமா?"

கடைக்காரர் கையிலிருந்த டெஸ்டர் நழுவிக் கீழே விழுந்தது.

"யாரும்மா இதை உபயோகிக்கப் போறது?"

"அவர்தான். கையில பிடிச்சா விடவேமாட்டார்."

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"பக்கத்து வீட்டுல. அதெல்லாம் பேசி வச்சாச்சு."

"யாரோட?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"கையில பிடிச்சிருக்கிறப்ப ஷாக் அடிச்சா?"

"அதுக்குத்தான் அவருக்குப் புதுசா ரப்பர் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கேன்."

கடைக்காரர் கீழே விழுந்த டெஸ்டரைக் குனிந்து எடுத்தார். செருப்பு! நாளைக்குப் போலீஸ் வந்தால், எவ்வளவு அக்கறையான பெண்டாட்டி என்று ஊரே சாட்சி சொல்லுமே!

"இன்னொண்ணு அண்ணே," அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாராவது வந்து கேட்டா, வோல்ட்டு கீல்ட்டுன்னு நீங்க எதுவும் சொல்லலைன்னு சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, பாருங்க."

விற்க மாட்டேன் என்று விரட்டியிருக்கலாம். ஆனால் எதிர்க்கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவான். ஒரு மனிதரின் உயிர் இப்போது தன் கல்லாப்பெட்டிக்கு மேல் தொங்குவதாகக் கடைக்காரருக்குத் தோன்றியது.

பின் அறைக்குப் போனார். இருப்பதிலேயே சிறிய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி, கறுப்பு டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றிக் கொண்டுவந்தார்.

"இந்தாங்க, நீங்க கேட்ட கட்டை."

"என்ன அண்ணே, செங்கல் மாதிரி கனக்குது?"

"கெட்டிச் சரக்கு. இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக்."

"இது வோல்ட்டைக் குறைக்காதே?"

"சத்தியமா குறைக்காது."

முப்பது வருஷத்து வியாபாரத்தில் அவர் செய்த முதல் பொய்ச் சத்தியம் அது. அதற்கு முந்தைய பொய்களையெல்லாம் சத்தியம் செய்யாமலே சொல்லியிருந்தார்.

அடுத்த இரண்டு நாளும் பேப்பரில் இரங்கல் விளம்பரங்களை மட்டும் படித்தார். மூன்றாம் நாள் காலை, தொண்டை கட்டிப்போன ஒரு பெரியவர் கடை வாசலில் வந்து நின்றார்.

"மூணு நாளைக்கு முன்னாடி என் வீட்டுக்காரி இங்கதான் கட்டை வாங்கினா."

கடைக்காரர் கல்லாவைத் தாண்டி ஓடிவந்து அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டார். "சார்! நல்லா இருக்கீங்களா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஜோரா இருக்கேன்! உங்களைப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போகத்தான் வந்தேன். எப்பேர்ப்பட்ட கட்டைங்க அது! அண்ணன் அனுப்பின கரோக்கிப் பெட்டி ரெண்டு நாளா நிக்காம ஓடுது, லேசாக்கூட சுடலை. இதுவரைக்கும் வெறும் தொண்டையிலதான் பாடிக்கிட்டிருந்தேன், எங்க குடியிருப்புக்குள்ள மட்டும்தான் கேட்டுது. இப்ப மைக்கைப் பிடிச்சா நாலு தெருவுக்குக் கேட்குது!"

கடைக்காரர் மெல்ல அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். வாசலில், காதில் பஞ்சோடு அந்த அம்மாள் கடைக்காரரையே முறைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், பெட்டியைப் புகைய வைக்க அவளைத் தேர்ந்தெடுத்துக் கடைக்கு அனுப்பிவைத்த நான்கு மாடிச் சனமும் காதில் பஞ்சோடு நின்றது.